துவைக்காத சேலைகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தின் கூரை மரத்தில் பதினொரு கொக்கிகள் இருக்கின்றன. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் அம்மாக்கள் காலை ஆறரைக்குப் பிள்ளையை என் கையில் தரும்போது, கூடவே தங்கள் பழைய சேலை ஒன்றையும் தருவார்கள். அதைக் கொக்கியில் கட்டித் தொட்டிலாக்குவது என் வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் அம்மாவின் சேலை. ஒன்றை மாற்றிக் கட்டிவிட்டால் தொலைந்தது, அன்று பகல் முழுக்க மடுவம் சந்தைக்கடைதான்.

சேலை விஷயத்தில் நான் வைத்த சட்டம் ஒன்று உண்டு. துவைத்த கையோடு எடுத்துவரக் கூடாது. சனிக்கிழமை துவைத்துக் காயப்போடு, ஞாயிற்றுக்கிழமை அதைப் போர்த்திப் படு, திங்கட்கிழமை கொண்டுவா. தலைப்பிள்ளைக்காரிகள் முதலில் மூக்கைச் சுளித்துச் சிரிப்பார்கள். "ஒரே பால் நாத்தமா இருக்குமேக்கா." "அந்த நாத்தத்துலதாண்டி ஒன் புள்ள தூங்குது. எனக்கு வேற மந்திரமா தெரியும்?" என்பேன். பதினாறு வருஷமாக இப்படித்தான் நடந்தது.

மடுவத்துக்குப் பின்புறம் இரண்டு அறை வீடு ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்பது வருஷமாக என்னோடு இருப்பவள், ஹட்டனில் ஒரு துணிக்கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருப்பவள். எங்கள் அறிமுகமே சண்டைதான். மடுவத்து ஜன்னலுக்குத் திரை தைக்கக் கொடுத்தேன். ஒரு சாண் குட்டையாகத் தைத்து வைத்திருந்தாள். கடையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் கத்தினேன். அவள் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "ஜன்னல் அளவ நீங்கதான் கையால காட்டுனீங்க. ஒங்க கை அவ்வளவுதான், நான் என்னா செய்ய?" என்றாள். இரண்டாம் தடவை நீளம் கூடிவிட்டது. மூன்றாம் தடவை தானே பஸ் ஏறி வந்து ஜன்னலை அளந்தாள், திரையை மாட்டினாள், ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்தாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். ஆறு மாதம் கழித்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இருந்துவிட்டாள்.

கேட்டவர்களுக்குச் சித்தி மகள் என்று சொல்லிவைத்தோம். யாரும் மேலே கேட்கவில்லை. அவளைத் தையல் அக்கா என்றார்கள். ஜாக்கெட்டைப் பிரித்துப் பெரிதாக்க, பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் வைக்க என்று சாயங்காலம் வாசலில் யாராவது நிற்பார்கள். உள்ளறையில் ஒரே கட்டில் இருந்தது. ஒரு காம்பராவில் ஏழு பேர் படுக்கிற வரிசை வீட்டு லயத்தில் யாருக்கு அதையெல்லாம் யோசிக்க நேரம்? நான் அவளை நேசிக்கிறேன். அதைச் சொல்ல எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன். அகப்பட்டது எல்லாம் ஏச்சு வார்த்தைகள்தான். ஆகவே வாயை மூடிக்கொண்டு அவளுக்குப் பிடித்த நெத்தலிக் கருவாட்டைப் பொரித்துக் கொடுத்தேன்.

பிறகு எனக்குத் தூக்கம் போனது. ஊரார் பிள்ளைகளை எல்லாம் தூங்கவைத்தவள், என் கண்ணை மூட எனக்கு வழி தெரியவில்லை. முதலில் சளி என்று நினைத்தேன், பிறகு இரத்தம் குறைவு என்று நினைத்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் சிவப்பு விற்றமின் குளிசை தந்தார்கள். அதை விழுங்கிக்கொண்டே மெலிந்தேன். பிள்ளைகளுக்குப் பால் கரைக்கத் தண்ணீர் கொதிக்கவைத்துவிட்டு, எதற்குக் கொதிக்கவைத்தேன் என்று தெரியாமல் அடுப்பைப் பார்த்தபடி நிற்பேன். பிள்ளைகள் தூங்கும்போது அழுகை வரும். காரணம் கேட்டால் ஒரு மண்ணும் தெரியாது. ஒரு நாள் காலையில் எழுந்து கதவைத் திறக்கவே முடியவில்லை. வெளியே தூறலில் பதினொரு அம்மாக்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். தையல்காரிதான் போய்க் கதவைத் திறந்து, எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னாள். அன்று பிள்ளைகளையும் அவளே பார்த்துக்கொண்டாள். மறுநாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மனநோய்க் கிளினிக்கில் இருந்தது ஒரு சிங்கள டொக்டர். சின்ன வயசுப் பெண், நல்ல முகம், தமிழ் ஒரு சொல் தெரியாது. என்னுடைய சிங்களமோ சந்தைச் சிங்களம். கரட் முற்றிவிட்டது என்று சண்டை போட வரும், நெஞ்சுக்குள் இருப்பதைச் சொல்ல வராது. டொக்டர் கதவுப் பக்கம் பார்த்து யாரையோ கூப்பிட்டார். உள்ளே வந்தவளை எனக்குத் தெரியும். எங்கள் மூன்றாம் லயத்துக்காரி. ஆஸ்பத்திரியில் அட்டண்டன் வேலை, புருஷன் எங்கள் தேயிலை ஃபெக்டரியில். சிங்களம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. லயத்தில் அவள் பெயரே ஆஸ்பத்திரிக்காரி. அவளுடைய எட்டு மாதப் பெண் பிள்ளைதான் என் மடுவத்தில் நான்காம் கொக்கி.

இதுதான் எங்கள் மலைநாட்டுச் சங்கதி. டொக்டரிடம் ரகசியம் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அதைப் பக்கத்து லயத்துக்குச் சொல்ல வேண்டும். மூலம் என்றாலும் அப்படித்தான், மாதவிலக்கு என்றாலும் அப்படித்தான். எத்தனை பேர் இதற்காகவே பாதி நோயைச் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்!

டொக்டர் மெதுவாகக் கேட்டார், அவள் திருப்பிச் சொன்னாள். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, சாக வேண்டும்போல் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "எதுக்கு ரொம்ப பயப்படுறீங்கன்னு கேக்குறாங்க. ஒளிக்காம சொன்னாத்தான் மருந்து பாக்கலாமாம்" என்றாள். நான் தையல்காரியின் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே சொல்லு என்றாள். ஆறு வாரம் தூங்காத மண்டைக்கு யோசிக்கத் தெம்பில்லை. "இவ என் சித்தி மகள் இல்ல. புருஷன் பொண்டாட்டி எப்புடியோ அப்புடித்தான் நாங்க இருக்கோம். இது தெரிஞ்சா மடுவத்துக்கு ஒரு புள்ளையும் வராது. அதுதான் பயம்" என்றேன்.

ஆஸ்பத்திரிக்காரி தையல்காரியை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு டொக்டரிடம், "அக்கா நங்கி வகே, டொக்டர்" என்றாள். அக்கா தங்கச்சி மாதிரியாம். அந்த அளவுச் சிங்களம் எனக்கும் விளங்கும். அட, என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாளே என்று அவளைக் கும்பிடத் தோன்றியது. மாத்திரையை வாங்கிக்கொண்டு, நெஞ்சு லேசாகி வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் மூன்றாம் லயம், ஐந்தாம் லயம், கொழுந்து நிறுக்கும் மடுவம், கோயிலடி எல்லாவற்றுக்கும் தெரிந்துவிட்டது. டொக்டரிடம் பொய்யைச் சொல்லிவிட்டு, உண்மையை ஒரு சொல் குறையாமல் லயத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள்! எனக்கு வந்த கோபத்துக்கு அவள் மட்டும் கையில் கிடைத்திருந்தால், சத்தியமாக, அரிவாள்மனையில் உட்காரவைத்திருப்பேன். தையல்காரிதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். "சொல்லிட்டோம், போச்சு. இப்ப மாத்திரையக் குடி" என்றாள்.

முதல் இரண்டு நாள் பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி சேலையைக் கொக்கியிலிருந்து அவிழ்த்து மடித்தாள். "தொவைக்கணும்க்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். அன்று புதன்கிழமை. என் சட்டம் தெரிந்தவள்தான் அவள். சேலை திரும்பி வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. அந்த வாரம் முடியும்போது நான்கு கொக்கி காலி. நான்காம் கொக்கியும் அதில் ஒன்று.

அவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று அவர்களுக்கே ஒழுங்காகத் தெரியாது. ஒருத்தி, மண்டை சரியில்லாதவள் பிள்ளையைக் கீழே போட்டுவிடுவாள் என்றாளாம். இன்னொருத்தி, அவள் தொட்டு வளர்த்தால் பெண் பிள்ளைக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொள்ளும் என்றாளாம். மூன்றாவது ஒருத்தி இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டாள்: அந்தப் புத்தியால்தான் மண்டை கெட்டது, மாத்திரை தருவதே அதற்குத்தான், மாத்திரை வேலை செய்தால் எனக்குக் கல்யாண ஆசை வந்துவிடும்! இதை நம்பி, நல்ல மனசோடு, எங்கள் கங்காணி ஒரு மாப்பிள்ளையும் கொண்டுவந்தார். ராகலைக்காரர், பெண்சாதி இறந்துவிட்டாளாம், சொந்தமாக லீக்ஸ் தோட்டம் இருக்கிறதாம். "மாத்திர முடியட்டும்மா, அவசரமில்ல" என்று வேறு சொன்னார். ஏசுவதா, சிரிப்பதா? உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அவர் போனதும் தையல்காரி, "லீக்ஸ் மட்டுந்தானா, உருளக்கிழங்கும் போட்டிருக்காராமா?" என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் நான் முதல் தடவை சிரித்தது அன்றைக்குத்தான்.

அவளுடைய கடைக்கும் கதை போயிருந்தது. யாரோ ஒருத்தி வேலை மெனக்கெட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறாள். கடை முதலாளி முஸ்லிம் பெரியவர், ஐந்து வேளையும் தொழுகிறவர். என்ன சொல்வாரோ என்று இவள் மெஷினை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தாளாம். அவர் அவளைக் கூப்பிட்டு, பள்ளிக்கூட யூனிபோம் முப்பது வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று மட்டும் கேட்டாராம். முடியும் என்றாளாம்.

எனக்கு அப்படி வாய்க்கவில்லை. மடுவத்துக்குப் பொறுப்பான வெல்பயர் ஐயா என்னை ஒஃபீசுக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் தொரைக்கும் பயம், அம்மாக்களுக்கும் பயம், என்னைப் பார்த்தும் பயம். நான் உட்கார்ந்த கதிரையைத் தன் மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளியே போட்டிருந்தார். "பிள்ளைங்க விஷயம் பாருங்க. ஒங்களுக்குச் சுகமாயிருச்சு, பிள்ளைங்களோட இருக்கலாம்னு டொக்டர்ட்ட ஒரு துண்டு எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வீட்டுல இருங்க" என்றார். எதிலிருந்து சுகமாக வேண்டும் என்று கேட்டேன். "ரெண்டுல இருந்தும்தான்" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டே. பதினாறு வருஷத்தில் ஒரு பிள்ளை என் கையிலிருந்து விழுந்ததுண்டா என்று கத்தினேன். கத்தியது பிசகு. பைத்தியம் என்பதற்கு அதையும் அத்தாட்சியாக்கிவிட்டார்கள்.

என் இடத்துக்கு மேல் கணக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். கோர்ஸ் முடித்தவள், சுறுசுறுப்பானவள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் இருந்த இடம் என்று யாரோ அவளிடம் என்னவோ சொல்லியிருக்கிறார்கள். முதல் நாளே மடுவத்தை மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கொக்கிகளில் மிச்சமிருந்த சேலைகளை எல்லாம் அவிழ்த்து, அதே மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, வெயிலில் காயப்போட்டு மறுநாள் காலையில் கட்டினாள். நான் போய்விட்டதாக நம்பித் திரும்பி வந்த நான்கு அம்மாக்களின் சேலைகளும் அதில் சேர்த்தி. கிருமி எல்லாம் போய்விட்டது. கூடவே பதினொரு அம்மாக்களின் வாசமும் போய்விட்டது.

சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஆரம்பித்து, பிறகு எல்லாம் சேர்ந்து கத்தின கத்து மலை வரைக்கும் கேட்டிருக்கும். எந்தக் குரல் எந்தக் கொக்கி என்று எனக்குத் தெரியும். ஏழாம் கொக்கிக்குப் பசி. ஒன்பதாம் கொக்கி சும்மா கூடச் சேர்ந்து கத்துகிறது. நான்காம் கொக்கி, ஆஸ்பத்திரிக்காரியின் பிள்ளை, தூக்கத்துக்குத் தவிக்கிறது. ஒரு சுவர் தாண்டிப் போய் அதை வாரி எடுக்க எனக்கு உரிமையில்லை. காதைப் பொத்திக்கொண்டு அழுதேன். பத்து மணிக்குப் பால் கொடுக்க வரும் அம்மாக்கள் அன்று எட்டரைக்கே இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்காமல் ஓடி வந்தார்கள். அது ஒரு நாளோடு நிற்கவில்லை. அந்தப் பெண் தினமும் துவைத்தாள், பிள்ளைகள் தினமும் கத்தின.

நான்காம் நாள் பின்பக்க ஜன்னலில் யாரோ தட்டினார்கள். புதன்கிழமையில் சேலை துவைக்கப் போனவளேதான். "அக்கா, ஒரு பொட்டுத் தூக்கமில்லக்கா. ராவெல்லாம் வேற கத்துது. என்னா செய்யட்டும்?" திரும்பிப் படுத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பிள்ளை என்ன பாவம் செய்தது? "இப்ப கட்டியிருக்கிற சேலைய அவுத்துக் குடுத்துட்டுப் போ. அவகிட்ட தொவைக்காதன்னு சொல்லு" என்றேன். அதை ஏற்கெனவே சொல்லிப் பார்த்தாளாம். துவைக்காத சேலையைக் கட்டக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். உத்தரவு போட்டவரைக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டு ஆட்ட வேண்டும் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு உள்ளே பிள்ளை கத்தவும் அவள் ஓடினாள்.

அடுத்த கிளினிக் நாள் வந்தது. தையல்காரி அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தாள். வேண்டாம், பார்க்கிற கண்ணெல்லாம் நம்மைத்தான் பார்க்கும் என்றேன். "பாத்தா பாக்கட்டும். புதுச் சேலதான கட்டியிருக்கேன்" என்றாள். டொக்டர் என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்திருக்கிறது என்று கையால் காட்டினார். பிறகு கதவுப் பக்கம் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்காரி வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். பிள்ளை தூங்காத வீட்டு முகம், பார்த்தாலே தெரியும்.

நான் அவளை உட்காரவே விடவில்லை. "முதல்ல, நான் அன்னைக்குச் சொன்னத டொக்டர்ட்ட சரியாச் சொல்லு" என்றேன்.

"சொன்னேனேக்கா."

"சொன்னது எனக்கு வெளங்கிச்சு. அக்கா நங்கி. லயத்துல எப்புடிச் சொன்னியோ, அதே மாதிரி இங்கயும் சொல்லு."

அவளுக்கு முகம் செத்துவிட்டது. டொக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். தையல்காரி என் முழங்கையைப் பிடித்தாள், நான் உதறினேன். ஆஸ்பத்திரிக்காரி தலையைக் குனிந்தபடி சிங்களத்தில் சொன்னாள். இந்த முறை முழுதாகச் சொன்னாள். நான் என்ன சொன்னேன், தான் என்ன மாற்றினாள், அதைத் தோட்டத்தில் எங்கே கொண்டுபோய்ப் போட்டாள், என் வேலைக்கு என்ன ஆனது, ஒஃபீஸில் என்ன துண்டு கேட்கிறார்கள், எல்லாம். லயம், மடுவம், ஒஃபீஸ் என்ற பெயர்களை வைத்தே எனக்கு அது பிடிபட்டது.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது. முதலில் அவளிடம் ஏதோ கடுமையாகச் சொன்னார். அதை அவள் எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, தையல்காரியையும் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஏக லெடக் நெமெயி." அது நோயில்லை. என் சந்தைச் சிங்களத்துக்கே அது விளங்கிவிட்டது. ஆனாலும் நான் ஆஸ்பத்திரிக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாயால் அதைத் தமிழில் கேட்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

"அது நோயில்லையாம்" என்றாள். "அதுக்கு மருந்து இல்லையாம், வேணாமாம். மத்தது நோய்தானாம், கொணமாகிக்கிட்டு வருதாம். மாத்திரைய நீங்களா நிப்பாட்டக் கூடாதாம்." மூச்சு வாங்கிக்கொண்டு, "ரெண்டும் வேற வேறயாம்க்கா" என்றாள்.

துண்டு எழுத டொக்டர் தாளை எடுத்தார். அப்போது ஆஸ்பத்திரிக்காரி, யாரும் கேட்காமலே, அவருடைய மேசையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பேச ஆரம்பித்தாள். வேகத்தில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. தன் பிள்ளையும் என்னிடம்தான் இருந்தது என்பதும், சேலை என்பதும், தூக்கம் என்பதும் விளங்கின. டொக்டர் சிரித்துவிட்டார். எழுதி முடித்த துண்டில் முத்திரை குத்தினார். பிறகு என் கிளினிக் கொப்பியைத் திறந்து, அவசரத்துக்கு யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் இருந்த வெற்றுக் கோட்டைக் காட்டினார். தையல்காரி தன் பெயரைத் தானே எழுதினாள். தையல் துண்டில் அளவு எழுதுகிற மாதிரி, அழுத்தி எழுதினாள்.

வெளி விறாந்தையில் ஆஸ்பத்திரிக்காரி எங்கள் பின்னால் வந்தாள். "என் வாய் சும்மா இருக்காதுக்கா. எங்கம்மாவும் சொல்லும்" என்றாள். மன்னிப்பு அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் கொஞ்சம் வரும். ஆனால் அந்தக் கருவளையத்தைப் பார்த்தபின் ஏச மனம் வரவில்லை. "அந்த வாய வச்சி இதையும் போயிச் சொல்லு" என்றேன்.

சொன்னாள். துண்டு வெல்பயர் ஐயாவின் மேசை லாச்சியில் எட்டு நாள் கிடந்தது, தொரை கண்டிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அவள் வாய் அன்று சாயங்காலமே எல்லா லயத்தையும் சுற்றி வந்துவிட்டது. இரண்டும் வேறு வேறாம், ஒன்றுக்கு மாத்திரையாம், மற்றது நோயே இல்லையாம், டொக்டர் நோனாவே சொன்னாராம். எல்லாரும் நம்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். கங்காணிக்கு ராகலை மாப்பிள்ளையை விட மனமில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் பெரட்டுக்களத்தில் ஒரு கூத்து நடந்தது. ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம் அது. அங்கே அம்மாக்கள் எல்லாரும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டே போய் நின்றிருக்கிறார்கள். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுகிறார், பிள்ளைகள் கத்துகின்றன, ஒன்றும் கேட்கவில்லை. என்ன இது என்று கேட்டதற்கு, புதன்கிழமைக்காரிதான் பதில் சொன்னாளாம். "மடுவத்து அக்கா வந்து கதவத் தொறக்கட்டும், நாங்க மலைக்குப் போறோம். இல்லாட்டி இதுகளை நீங்க தூங்க வைங்க, ஐயா" என்று பிள்ளையை அவர் கையில் கொடுக்கப் போனாளாம். ஏழு மணிக்கு வெல்பயர் ஐயா மூச்சு வாங்க என் வாசலில் நின்றார். கையில் என் துண்டு.

எனக்கு இதில் மயக்கம் ஒன்றும் இல்லை. நியாயத்துக்காக வந்தவர்கள் இல்லை அவர்கள், தூக்கத்துக்காக வந்தவர்கள். இருக்கட்டுமே. எனக்கும் தூக்கம்தானே போயிருந்தது. கதவைத் திறந்தேன், பத்துச் சேலைகளை வாங்கிக் கட்டினேன். பதினொன்றாவது கொக்கிக்காரி வரவே இல்லை, பிள்ளையைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டாள். இன்றைக்கும் பாதையில் கண்டால் மறுபக்கம் போவாள். போகட்டும். அவள் பிள்ளைக்கு இடது கன்னத்தில் தட்டினால்தான் தூக்கம் வரும், அதை மட்டும் அவளுடைய தங்கைக்குச் சொல்லி அனுப்பினேன்.

இத்தோடு கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நோய் என் வசதிக்கு நடக்கிற சாமான் இல்லை. அடுத்த வருஷம் ஆனி மழையில், மாத்திரையை ஒழுங்காகக் குடித்துக்கொண்டிருந்தபோதே, திரும்பவும் வந்தது. பத்து நாள் தூக்கமில்லை. ஒரு காலையில் காலைத் தரையில் வைக்க முடியவில்லை. வெளியே மழையில் அம்மாக்களின் பேச்சுக் கேட்டது. தையல்காரி தலைமுடியை முடிந்துகொண்டே கதவுப் பக்கம் போனாள். போன தடவை மாதிரிக் காய்ச்சல் என்று சொல்லு என்று கெஞ்சினேன். அவள் ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்தாள்.

"அவளுக்கு முடியல" என்று அவள் வாசலில் சொல்வது கேட்டது. "அதே நோய்தான். திரும்ப வந்திருக்கு."

  நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். இனிச் சேலைகளை அவிழ்ப்பார்கள், மடிப்பார்கள், தொவைக்கணும்க்கா என்பார்கள். பத்துக் கொக்கியும் காலியாகும், அதோடு என் பிழைப்பும் முடிந்தது, இந்த வீடும் போனது என்று கிடந்தேன்.

"அப்ப தையல் அக்கா, நீங்க இன்னைக்குக் கடைக்குப் போகாதீங்க" என்றது புதன்கிழமைக்காரியின் குரல். "மடுவத்தத் தொறங்க. மேக்கணக்குப் புள்ளையையும் வரச் சொல்றோம். சேலைய மட்டும் அவளத் தொட விடாதீங்க."

பிறகு மடுவத்துக் கதவு திறக்கும் சத்தம், மழைத் தண்ணீரில் நடக்கும் சத்தம். யாரோ என் அறைக்குள் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரி. டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரம், யூனிபோம் எல்லாம் நனைந்திருந்தது. இடுப்பில் அந்த நான்காம் கொக்கி, இப்போது நடக்கத் தெரிந்த பிள்ளை, தூக்கக் கலக்கத்தில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் மாத்திரைப் பெட்டி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இந்த முகங்களைத் தினமும் பார்ப்பவள், அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

"நீங்க எந்திரிக்க வேணாம்" என்றாள். குனிந்து, பிள்ளையை என் பக்கத்தில், சுவர்ப் பக்கமாகப் படுக்கவைத்தாள். தோளில் கிடந்த பழைய சேலையை எடுத்து எங்கள் இரண்டு பேர் மேலும் போர்த்தினாள். "இவ இங்கயே தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

தையல்காரி மடுவத்துக்கும் வீட்டுக்கும் இடையில் இருக்கும் கதவைத் திறந்துவைத்து, எங்களைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள். மடியில் யாருடைய பிள்ளையோ இருந்தது. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த சின்னவள் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு கையை என் கழுத்தில் போட்டாள். சேலை துவைக்காதது. பால் வாசமும் ஆஸ்பத்திரி வாசமும் அடித்தது. அவள் தூங்கிப்போனாள். கொஞ்ச நேரத்தில் நானும் தூங்கினேன்.